கப்பல் ஜாபிதாவும் காணாமற்போன ஊரும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, தென் ஆப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரைச் சேர்ந்த கனவான் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, பெயர் சுத்தத் தமிழ்ப் பெயர், ஆனால் அவர் பேசியது இங்கிலீஷ். தமிழில் அவருக்குத் தெரிந்தவை, தாயார் வீட்டில் வழங்கிய இருபது முப்பது வார்த்தைகள்தாம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். “இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டார். பத்திரிகை நடத்துகிறவனிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்பதுண்டு. இப்படியொரு கேள்வி நமக்குப் புதிது.

அந்தக் காகிதம் ஒரு கப்பல் ஜாபிதாவின் நகல். அதில் ஒரே ஒரு வரிக்கு அடியில் அவர் கோடிட்டிருந்தார். ஓர் எண், ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்திரண்டு, ஆண், ஜாதி, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம், பிறகு கிராமத்தின் பெயர் என்று ஏழெட்டு இங்கிலீஷ் எழுத்துக்கள், கடைசியில் ‘இடது கன்னத்தில் தழும்பு’ என்று ஓர் அடையாளம். இவ்வளவுதான். அந்த இருபத்திரண்டு வயது வாலிபன் இவருடைய பாட்டனாருக்குத் தகப்பன். அவன் சென்னையில் கப்பலேறிய நாளுக்குப் பிறகு அவன் வம்சத்தில் ஒருவர்கூட அந்தக் கிராமத்தைக் கண்ணால் கண்டதில்லை.

இந்த ஜாபிதா எப்படி உண்டாயிற்று என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம். நேட்டால் மாகாணத்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பு பயிரிட ஆள் வேண்டியிருந்தது. 1860-ம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ந் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ந் தேதி 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் கப்பல். 1866-ல் இந்தப் போக்குவரத்து நின்றது. 1871-ல் ஊர் திரும்பியவர்கள், தாங்கள் அங்கே பட்ட அடியையும், பிடித்துக்கொள்ளப்பட்ட கூலியையும் சென்னையில் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அதன் பலனாக 1872-ல் நேட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் கூடிற்று. 1874-ல் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. இந்திய சர்க்கார் 1911-ல் தடுத்து நிறுத்தும் வரையில், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கரையிறங்கிய நாள் தொட்டுச் சாகும் நாள் வரையில் அந்த எண் அவனைவிட்டு நீங்காது. கலியாணத்தைப் பதிவு செய்தால் அந்த எண். குழந்தை பிறந்தால் பதிவேட்டில் தகப்பன் எண், தாய் எண். தோட்டத்தைவிட்டு ஓடிப் பிடிபட்டால் நியாயஸ்தலத்தில் அந்த எண். ஒப்பந்தம் தீர்ந்து சீட்டு வாங்கினால் அதிலும் அந்த எண். பெயரை எழுதுகிற குமாஸ்தா அதைப் பத்து விதமாக எழுதுவான். எண்ணை மட்டும் பிசகாமல் எழுதுவான். இன்று டர்பனில் தம் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான். கொள்ளுப்பாட்டியின் மரணப் பத்திரத்திலோ, பாட்டனின் பிறப்புச் சீட்டிலோ அது அகப்பட்டுவிட்டால், கப்பல் ஜாபிதாவில் அவர்களுக்குரிய வரியைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த நகரத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண நிலையம் இந்த ஜாபிதாக்களைத் தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் கூலியின் நன்மைக்காக எழுதப்பட்டதென்று எவரும் மயங்க வேண்டாம். முதலாளி பணம் கொடுத்து வரவழைத்த ஆள் தப்பி ஓடினால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டும்; அதற்காகவே கன்னத்துத் தழும்பு எழுதப்பட்டது. ஒப்பந்த காலம் எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டும். அதற்காகவே தேதி எழுதப்பட்டது. 1895-ம் வருஷத்துச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலிலேயே தங்குகிறவன் தலைக்கு வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கொடுக்க வேண்டுமென்று விதித்தது. யாரிடம் வசூலிப்பது என்பதற்கும் இந்த எண்ணே உதவிற்று. 1894-ல் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியடிகளின் முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழனும் இந்த ஜாபிதாவைச் சேர்ந்தவனே.

இப்படி விலங்காகச் செய்யப்பட்ட காகிதம்தான் இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்களுக்குச் சாவியாகியிருக்கிறது. இதில் நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அந்த வாலிபன் தன் சொந்த ஊரில் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருந்தான்? ஜமாபந்திக் கணக்கில் பட்டாதாரர் பெயர் இருக்கும். செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் நிலத்துக்குரியவன் பெயர் இருக்கும். கோயில் கணக்கில் மானியதாரர் பெயர் இருக்கும். நிலமில்லாத பண்ணையாளின் பெயரை எவன் எழுதினான்? 1876 முதல் 1878 வரை நம் மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் செத்தவர்களைத் தலையெண்ணிக்கையாகத்தான் எழுதினார்கள். கப்பலேறியவர்களில் அநேகருக்கு, இந்த நாட்டில் அவர்கள் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம் அவர்களை இந்த நாட்டிலிருந்து வெளியே அனுப்பிய காகிதமே. சொந்த ஊர் எழுதாத பெயரை அந்நியன், தன் லாபத்துக்காகவாவது, எழுதி வைத்தான்.

நேட்டால் ஒன்றுதான் என்றில்லை. மோரீஸ் தீவுக்கு 1834 முதல் சுமார் நாலரை லக்ஷம் இந்தியர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் கரையிறங்கிய போர்ட் லூயி நகரத்துக் கட்டடங்களை ஆப்ரவாசி கட் என்ற பெயரால் 2006-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. அத்தீவின் குடியேற்ற ரிஜிஸ்தர்கள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1860-களிலிருந்து எடுக்கப்பட்ட கூலிகளின் புகைப்படங்களும் அங்கே உண்டு. கொள்ளுத்தாத்தாவின் முகத்தையே பார்க்கக்கூடிய பாக்கியம் வேறு எத்தனை ஏழைக் குடும்பங்களுக்கு வாய்க்கும்?

பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் ஸ்திரீகள் பட்ட துயரத்தைப் பாரதியார் பாடியதை அறியாத தமிழர் இல்லை. அங்கே ஒவ்வொரு கூலிக்கும் தனித்தனியாக ஒரு ‘பாஸ்’ எழுதப்பட்டது. அதில் ‘மிக நெருங்கிய உறவினர் பெயர்’ என்று ஒரு கலம் உண்டு. போனவனைப் பற்றி மட்டுமன்றி, பின்தங்கியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லும் கலம் அது. ஊரில் விட்டுவந்த தாய், தமையன், மனைவி ஆகிய யாரோ ஒருவரின் பெயர் அதில் இருக்கும். பிஜியின் சரித்திராசிரியரான பிரிஜ் லால் இந்தப் பாஸ்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 1983-ல் ஒரு நூல் எழுதினார். ஒரு கூலியின் பேரனாகிய அவர், கூலிகளின் காகிதங்களைக் கொண்டே கூலிகளின் சரித்திரத்தை எழுதினார்.

பிரெஞ்சுக்காரரின் மார்த்தினீக் தீவுக்கு 1853-லும், குவாதலூப் தீவுக்கு 1854-லும் முதற் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரியும் காரைக்காலும் அந்த வியாபாரத்துக்குத் துறைமுகங்கள். அங்கே நம் பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதப்பட்டன. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் ஆகிய தேசங்களின் ஒப்பந்தத் தொழிலாளர் தஸ்தாவேஜுகளை 2011-ல் ‘உலக நினைவேடு’ என்னும் வரிசையில் சேர்த்து ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனம் கௌரவித்தது. அந்தக் காகிதங்களை எழுதிய குமாஸ்தாக்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால், காகிதம் இருப்பது வேறு, அதை வாசிப்பது வேறு. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட தஸ்தாவேஜு, உரிய இடத்திலிருந்து வெளிவந்தால், அது மெய்யானதென்று கோர்ட்டு அனுமானிக்கலாம் என்ற விதி தெரியும். தஸ்தாவேஜு மெய்யானதாயிருப்பதால் அதில் எழுதியதெல்லாம் மெய்யாகிவிடாது என்பதும் தெரியும். ஆள்பிடிக்கும் கங்காணி சொல்லிக்கொடுத்த பொய் அதில் இருக்கும். கடனுக்கோ, போலீஸுக்கோ, புருஷனுக்கோ பயந்து ஓடிவந்தவர் சொன்ன மாற்றுப் பெயர் இருக்கும். வயதை அறியாதவனுக்கு அதிகாரி மதிப்பிட்ட வயது இருக்கும்.

பெயர்களின் கதையைக் கேட்கவே வேண்டாம். நம் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னிட்டுத் தன் பெயரைச் சொன்னான் ஒருவன். குடும்பப் பெயர் வேண்டுமென்று கேட்ட அதிகாரிக்கு ஜாதிப் பட்டத்தைச் சொன்னான் மற்றொருவன். இப்படித்தான் நேட்டாலில் கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். முதலியார் ‘மூட்லி’ ஆனார். படையாட்சி ‘படையாச்சி’யாக நின்றார்.

ஊர்ப் பெயர் இன்னும் மோசம். எல்லோருக்கும் தெரிந்த பட்டணங்களையே திரிச்சினாப்போலி என்றும், டாஞ்சூர் என்றும், சிங்கிள்புட் என்றும், டின்னவெல்லி என்றும் எழுதியவர்கள், நூறு வீடுள்ள ஒரு குக்கிராமத்தின் பெயரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள்! இங்கிலீஷ்காரன் காதுக்கு லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றே. தகரமும் டகரமும் ஒன்றே. குறிலும் நெடிலும் ஒன்றே. பாலூர், பழூர், பள்ளூர் என்ற மூன்று ஊர்களும் அவன் ஜாபிதாவில் ஒரே ஊராகிவிடக் கூடும். டர்பனில் இருக்கிறவர் எவ்வளவு படித்தவரானாலும், எவ்வளவு பணம் செலவழித்தாலும், இந்த முடிச்சை அங்கிருந்து அவிழ்க்க முடியாது. தமிழ் அறிந்தவர்கள், இந்த மண்ணில் இருக்கிறவர்கள், நாம்தான் அவிழ்க்க வேண்டும்.

ஜில்லா எல்லைகளும் அப்படியே நிற்கவில்லை. 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் அதன் பல தாலுகாக்கள் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. இன்று அவை ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கின்றன. மிஞ்சிய வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. 2019-ல் மறுபடி பிரிந்தது. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு ஜில்லாக்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவும் இவ்வாறே நாலாயிற்று. ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்ற காகிதத்துடன் வந்திறங்கும் ஒருவருக்கு, தம் ஊர் இன்று மயிலாடுதுறை ஜில்லாவில் இருப்பதை எவர் சொல்வது? நேட்டாலின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914-ல் பதினாறாவது வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெற்றோருடைய ஊராகிய தில்லையாடி இன்று அந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. வள்ளியம்மையோ அந்த ஊரைப் பார்த்ததே இல்லை; ஜோகானஸ்பர்கில் பிறந்து அங்கேயே மறைந்தவள்.

இதுவரை சொன்னது காகிதம் உள்ளவர்களின் கதை. காகிதமே இல்லாதவர்களின் கதி என்ன? நம்மவர் மிகப் பெருந்தொகையாகப் போன தேசங்கள் இலங்கையும் மலாய் நாடும். இலங்கைக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கிடையாது. கங்காணியின் முன்பணக் கடன்தான் விலங்கு. கங்காணி தன் ஊராரையும் உற்றாரையும் திரட்டிக்கொண்டு போவான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாடு சேர்ந்த காலமும் உண்டு. வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிற்காலத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றை ஆளின் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். அது எந்தத் தோட்டத்துக்கு என்று சொல்லுமே தவிர, எந்தக் கிராமத்திலிருந்து என்று சொல்லாது. நேட்டாலில் இருந்ததைப் போல ஆள்வாரியான வரிசை ஜாபிதா இவர்களுக்கு இல்லை.

இதன் விளைவு சரித்திரப் பிரியர்களின் ஏமாற்றத்தோடு நிற்கவில்லை. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில் நிறைவேறிய 18-ம் எண் பிரஜா உரிமைச் சட்டம், ஒருவன் பிரஜையாக வேண்டுமானால் தன் தகப்பனாவது, அல்லது பாட்டனும் முப்பாட்டனுமாவது இலங்கையில் பிறந்ததாக ருஜுப்படுத்த வேண்டுமென்றது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவனின் பிறப்பை எந்தக் காகிதத்தைக் கொண்டு ருஜுப்படுத்துவது? லக்ஷக்கணக்கான தோட்டத் தொழிலாளர் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையையும் இழந்தார்கள். 1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் பங்கிடப்பட்டார்கள், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பாக்கி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவர்களையும் 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. 2003-ல் தான் இலங்கைச் சட்டம் எஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை வழங்கிற்று.

அவர்களில் ஒரு பகுதியினர், இலங்கையின் யுத்த காலத்தில் அகதிகளாக இங்கே வந்து முகாம்களில் தங்கினார்கள். 2019-ல் அத்தகைய சிலர், தங்கள் முன்னோர் இந்த மண்ணிலிருந்தே சென்றவர்கள் என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பிரஜா உரிமை கேட்டு நின்றார்கள். அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மத்திய சர்க்காருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பாட்டனின் ஊருக்குத் திரும்பி வந்த பேரன், அந்த ஊர்க்காரன் என்று காட்டச் சான்று தேடி நிற்கிறான். முன்னோரின் ஊரைத் தேடுவது ஓய்வுபெற்ற கனவான்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும். ஒருவன் எந்த நாட்டில் கால் வைத்து நிற்கலாம் என்பதையே ஒரு காகிதம் தீர்மானிக்கிறது.

காகிதம் உள்ளவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. அயல்நாட்டுப் பிரஜைகளாகிய இந்திய வம்சத்தாருக்கு நம் சர்க்கார் அளிக்கும் ‘ஓ. ஸி. ஐ.’ அட்டையைச் சட்டம் கொள்ளுப்பேரன் வரையில்தான் அனுமதிக்கிறது. கூலிகளின் வம்சமோ இன்று ஐந்தாவது, ஆறாவது தலைமுறையை எட்டிவிட்டது. இதை உணர்ந்து, சுரிநாம் தேசத்தவருக்கு ஆறாவது தலைமுறை வரையிலும் அனுமதிப்பதாக 2023-லும், மோரீஸ் தீவினருக்கு ஏழாவது தலைமுறை வரையிலும் என்று 2024-லும், டிரினிடாட் தேசத்தவருக்கு ஆறாவது வரையிலும் என்று 2025-லும் நம் சர்க்கார் அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் ஏழு தலைமுறையைக் காட்டுவதற்கு முதல் தலைமுறையின் ஊரும் பெயரும் வேண்டுமே! மறுபடியும் அந்த ஜாபிதாவிடம்தான் போக வேண்டும்.

இனி, நமது காரியாலயத்துக்கு வந்த கனவானின் விஷயத்துக்கு வருவோம். அந்த ஏழெட்டு எழுத்துக்களுக்குப் பொருந்தக்கூடிய கிராமங்கள் குடியாத்தம் பக்கத்தில் மூன்று இருந்தன. எதைக் கொள்வது? அவருடைய முப்பாட்டனின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஒரே ஊரிலிருந்தோ, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தோ கூட்டமாகக் கிளம்பியவர்கள் அடுத்தடுத்துப் பதிவாவது வழக்கம். அப்படியே, அடுத்த நான்கு வரிகளில் இருந்த ஊர்களில் இரண்டு தெளிவாக வாசிக்கக்கூடியனவாக இருந்தன. அவ்விரண்டும் மூன்று கிராமங்களில் ஒன்றுக்கு மட்டுமே அருகில் உள்ளவை. இவ்வாறு ஊர் தெரிந்தது. அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறோம். காரணம் பின்னால் விளங்கும்.

அவருடன் நாமும் போனோம். கிராமத்துப் பழைய கணக்குகளைக் கேட்டால், கர்ணம் உத்தியோகம் 1980-ல் எடுபட்ட பிறகு அவை எங்கே போயின என்று சொல்வார் இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள் வெகு பிரியமாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். தென் ஆப்பிரிக்காவைப் பற்றி ஆவலாய் விசாரித்தார்கள். பிறகு பெரியவர் ஒருவர் கேட்டார்: “சரி, எந்தத் தெரு?”

அந்தக் கேள்வியின் அர்த்தம் அவருக்கு விளங்கவில்லை, நமக்கு விளங்கிற்று. ஜாபிதாவில் ‘ஜாதி’ என்ற கலத்தில் ஒரு வார்த்தை இருந்ததே, அதைத்தான் பெரியவர் கேட்டார். கப்பலில் ஒரே அண்டாவில் பொங்கிய சோற்றைத் தின்று, தோட்டத்தில் ஒரே லயத்தில் படுத்து, அந்த வார்த்தையின் மேடு பள்ளத்தைப் பெரிதும் கரைத்துவிட்ட குடும்பம் அது. அவர் அந்த வார்த்தையை வாசித்துக் காட்டினார். நாற்காலியைத் திருப்பி எடுக்கவில்லை. அவ்வளவு தூரம் காலம் முன்னேறியிருக்கிறது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. ஒரு சிறுவன் ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள காலனிக்கு வழிகாட்டினான்.

அங்கே எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழவி, “எங்க பாட்டியோட சித்தப்பா ஒருத்தரு கப்பலேறிப் போனாருன்னு சொல்லுவாங்க. கடுதாசி ஒண்ணு வந்துச்சாம். அப்புறம் வரலையாம்” என்றாள். பெயர் அவளுக்குத் தெரியாது. எந்தத் தேசம் என்பதும் தெரியாது. இறந்துபோன உறவினர், வழக்கு எதுவும் எழுவதற்கு முன்பே உறவு முறையைப் பற்றிச் சொல்லி வைத்ததை 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பெயரில்லாத சாட்சியத்தை எந்தச் சட்டமும் ஏற்காது. திரும்பும் வழியில் அந்தக் கனவான், “அந்த அம்மாள் என் உறவா, இல்லையா?” என்று கேட்டார். ருஜுவாகவில்லை என்றுதான் நாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. டர்பனிலிருந்து அவர் வந்த சுமார் ஏழாயிரம் கிலோமீட்டரும் காகிதம் கொண்டுவந்து சேர்த்தது. கடைசி அரை பர்லாங்கு தூரம்தான் கடக்கவில்லை. அந்த அரை பர்லாங்கு நம்முடைய பொறுப்பு.

ஆகையால், செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் சம்பந்தமான சர்க்கார் நடவடிக்கைக் குறிப்புகள் மலைபோல் கிடக்கின்றன. அவற்றை ஜில்லாவாரியாக, தாலுகாவாரியாகப் பிரித்து, ஆராய்ச்சிக்காரர் மட்டுமன்றிச் சாமானிய ஜனங்களும் பார்க்கும்படி செய்ய வேண்டும். இரண்டாவது, டர்பனிலும் மோகாவிலும் சூவாவிலும் உள்ள ஜாபிதாக்களின் நகல்களைச் சர்க்கார் தருவித்து, இங்கிலீஷ் எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப் பெயர்களைத் தமிழில் மீட்டு, பழைய தாலுகாவுக்கு இன்றைய ஜில்லா எது என்று காட்டும் அகராதி ஒன்றை வெளியிட வேண்டும். இது பத்துத் தமிழ்ப் பண்டிதர்களும், ரெவினியூ இலாகாவில் பழகிய பத்துப் பேரும் கூடி உட்கார்ந்தால் நடக்கக்கூடிய வேலை.

தமிழ்நாடு சர்க்கார் ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தில் அயல்நாட்டுத் தமிழ் வாலிபர்களை அழைத்து வந்து கோயில்களையும் சிற்பங்களையும் காட்டுகிறார்கள். நல்ல காரியம். மாமல்லபுரத்தைக் காட்டுவதோடு, முப்பாட்டன் குடித்த கிணற்றையும் காட்ட முடியுமானால் இன்னும் நல்லது.

மூன்றாவது காரியத்துக்குச் சர்க்கார் தேவையில்லை. இதை வாசிக்கும் நேயர்கள் அநேகர் கிராமங்களில் பொதுவேலை செய்கிறவர்கள். உங்கள் ஊரில் எண்பதைத் தாண்டிய கிழவர் கிழவிகளிடம் போங்கள். மேட்டுத் தெருவுக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள். ஏரிக்கரைக்கு அப்பாலும் போங்கள். ‘உங்கள் குடும்பத்தில் கப்பலேறிப் போனவர் உண்டா? பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? எந்தச் சீமை?’ என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்து ஜாபிதா நூற்றைம்பது வருஷமாகத் தயாராக இருக்கிறது. இந்தப் பக்கத்து ஜாபிதாவை நாம் இன்னும் எழுதவே தொடங்கவில்லை. எழுதப்பட வேண்டியவை ஒவ்வொரு மார்கழிக் குளிரிலும் ஒவ்வொரு கிழவியோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

ஒன்று மாத்திரம் ஞாபகம் இருக்கட்டும். கோகலே 1910-லும் 1912-லும் சட்டசபையில் வாதாடியதும், மாளவியா 1916-ல் தீர்மானம் கொண்டுவந்ததும், 1917-ல் இந்தக் கூலிக் கப்பல்கள் நின்றதும், போனவர்கள் நம்மவர்கள் என்ற ஒரே எண்ணத்தால்தான். ‘எந்தத் தெரு?’ என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நாளை உங்கள் ஊர் எல்லையில் கையில் ஒரு காகிதத்துடன் அந்நிய முகம் ஒன்று வந்து நின்றால், முதலில் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ‘என்ன பெயர்?’ என்று கேளுங்கள்.